எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?



இந்த நேரத்தில் வழமையாக நீரிழிவு பற்றியோ, வீட்டுக் கடன் பற்றியோ, ஊர் நினைவுகள் பற்றியோ யாராவது பேசுவார்கள். நான் இன்று பேசப் போவது பல்கலைக்கழகக் கணிதத்தில் ஒரு பாடத்துக்குப் புத்தகம் தெரிவு செய்வது பற்றி. தயவுசெய்து வானொலியை நிறுத்திவிடாதீர்கள். கணிதம் தெரியாத தாய் தகப்பனுக்கும் இதில் விசயம் இருக்கிறது. அதோடு, நான் செய்த பிழை ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடத்தின் பெயர் 'ஃபங்சனல் அனலிசிஸ்'. தமிழில் சார்புப் பகுப்பாய்வு என்று சொல்லலாம். அதன் முக்கியமான பகுதி 'ஸ்பெக்ரல் தியறி', அதாவது திருசியக் கோட்பாடு. ஊரில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் திருசியம் என்ற சொல் ஞாபகம் இருக்கும். வெள்ளை ஒளி அரியத்தினூடாகப் போய் ஏழு நிறமாகப் பிரிவதைத்தான் அப்படிச் சொல்லித் தந்தார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் பலர் கணிதம், பௌதிகம், பொறியியல், தரவு அறிவியல் என்று படிக்கிறார்கள். கணிதத்தையோ கோட்பாட்டுப் பௌதிகத்தையோ சிறப்புப் பாடமாக எடுத்த பிள்ளை மூன்றாம் நான்காம் வருடத்தில் இந்தப் பாடத்தில் வந்து முட்டும். அங்கேதான் கனபேர் களைத்துப் போகிறார்கள்.

என் கதையை முதலில் சொல்லுகிறேன். நான் ஊரில் கணிதம் படித்தவன். எங்கள் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு இருந்தது ஒரே ஒரு புத்தகம். வால்ரர் றூடின் எழுதிய 'ஃபங்சனல் அனலிசிஸ்', 1973 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதுவும் விரிவுரையாளரின் சொந்தப் பிரதி. அவர் கரும்பலகையில் எழுதுவதை நாங்கள் கொப்பியில் எழுதுவோம். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்தது இரண்டு பின்னேரம்தான். 1983க்குப் பிறகு படிப்பும் நின்றது, நாடும் மாறியது.

இங்கே வந்து வேலை, கடன், குடும்பத்தைக் கூப்பிடுவது என்று வருடங்கள் போயின. 1996 இல் என் அக்காவின் மகன், என் மருமகன், பல்கலைக்கழகத்தில் கணிதம் மூன்றாம் வருடம் வந்தான். இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறேன் என்றான். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இரண்டு வாரம் கூடுதல் நேர வேலை செய்த காசில் றூடினின் புத்தகத்தை, 1991 இல் வந்த இரண்டாம் பதிப்பை, புதிதாக வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி, இதுதான் புத்தகம். இதைப் படிச்சால் வேற ஒண்டும் தேவையில்லை" என்றும் சொன்னேன்.

அவன் மரியாதையான பிள்ளை. "நல்லாயிருக்கு மாமா" என்று வாங்கி வைத்தான். நான் போகிற நேரமெல்லாம் அது மேசையில் இருக்கும். அதற்குள் ஒரு பஸ் ரிக்கற் அடையாளமாகச் செருகியிருக்கும். கார்த்திகையில் செருகியிருந்த இடத்திலேயே மாசியிலும் அது இருந்ததை நான் கண்டேன். கண்டும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவன் கணிதத்தை விட்டுக் கணக்கியலுக்கு மாறினான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் பல வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவன் சொன்னான்: "மாமா, அந்தப் புத்தகத்தைத் திறக்கிற நேரமெல்லாம் நான் ஒரு மொக்கு எண்டுதான் நினைச்சனான்."

அவன் மொக்கு இல்லை. அந்தப் புத்தகம் கூடாத புத்தகமும் இல்லை. அவன் நின்ற இடத்துக்கும் புத்தகம் தொடங்கிய இடத்துக்கும் இடையில் இரண்டு பாடங்கள் இருந்தன. அதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் என் ஆசைக்கு வாங்கினேன். அவனுக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இனிப் பாடம் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம்.

எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் மிருதங்கம் பழகுகிறார்கள். ஒரு சாதாரண மேளத்தின் தோலில் தட்டினால் அது பல மீடிறன்களில் ஒரே நேரத்தில் அதிரும். எல்லா இடமும் ஒரே தடிப்பான வட்டத் தோல் என்றால், அந்த மீடிறன்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் போகும். முழு எண்கள் இல்லாதபடியால் சுருதி தெளிவாகக் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாகக் கரணை பூசியிருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பாரம் மீடிறன்களை ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. சேர் சி. வி. இராமன் 1920 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதினார்.

அந்தத் தோல் எப்படி அசையும் என்பதைக் கணிதத்தில் எழுதினால் ஓர் 'ஒப்பரேற்றர்' வரும். ஒரு சார்பை வாங்கி இன்னொரு சார்பாக மாற்றித் தருவது அதன் வேலை. தோலின் மீடிறன்கள் அந்த ஒப்பரேற்றரின் திருசியத்திலிருந்து வருகின்றன. திருசியம் என்ற பெயரை இதற்கு வைத்தவர் ஜேர்மனியக் கணித மேதை ஹில்பேட். அது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நடந்தது. பிறகு 1920களில் குவாண்டம் பொறிமுறை வந்தபோது, அணுக்கள் விடும் ஒளியின் திருசியமும் ஒப்பரேற்றர் ஒன்றின் திருசியத்திலிருந்தே வருகிறது என்று தெரியவந்தது. கணிதத்துக்கு வைத்த பெயர் பௌதிகத்திலும் அப்படியே பொருந்திப் போனது.

உயர்தரத்தில் தாயங்கள் படித்தவர்களுக்கு இதன் சின்ன வடிவம் தெரியும். தாயத்துக்கு 'ஐகன் பெறுமானம்' கண்டுபிடிப்பதுதான் அது. தாயம் முடிவுள்ளது. தோலின் அசைவோ முடிவிலிப் பரிமாணம் கொண்டது. அங்கே போனதும் பழைய பழக்கங்கள் சில பிழைத்துவிடும்.

ஓர் உதாரணம். முடிவில்லாத ஒரு வரிசையில் இலக்கங்கள் நிற்கின்றன என்று நினையுங்கள். எல்லாவற்றையும் ஒவ்வோர் இடம் வலப்பக்கம் தள்ளிவிட்டு, காலியான முதல் இடத்தில் பூச்சியத்தைப் போடுங்கள். ஒன்றும் தொலையவில்லை. ஆனால் இப்படித் தள்ளுவதால் வரும் வரிசைகள் எல்லாம் பூச்சியத்திலேயே தொடங்கும். வேறு இலக்கத்தில் தொடங்கும் வரிசை ஒருநாளும் வராது. முடிவுள்ள தாயத்தில் இப்படி நடக்காது. அங்கே ஒன்றும் தொலையவில்லை என்றால் எல்லா இடத்துக்கும் போய்ச்சேரலாம். 'வலப்பெயர்ப்பு' என்று சொல்லும் இந்த ஒப்பரேற்றருக்கு ஓர் ஐகன் பெறுமானம்கூடக் கிடையாது. ஆனால் அதன் திருசியம், சிக்கலெண் தளத்தில் ஆரை 1 கொண்ட முழு வட்டத்தட்டு. ஏன் அப்படி என்பது பிள்ளைக்கு விளங்கினால் பாடத்தின் வாசலைத் தாண்டியாயிற்று. இந்த உதாரணத்தை ஞாபகம் வைத்திருங்கள். பிறகு இதற்கு வேலை இருக்கிறது.

இனிப் புத்தகம். எங்களுக்கு ஊரில் தெரிவு செய்யும் பிரச்சினை இருக்கவில்லை. கிடைத்ததைப் படித்தோம். இங்கே பல்கலைக்கழக நூலகத்தில் இந்தப் பாடத்துக்கே ஒரு தட்டு நிறையப் புத்தகம் நிற்கிறது. பிள்ளை எதை எடுக்கும்? பேர் கேட்டதை எடுக்கும். அல்லது மேல் வகுப்புக் கெட்டிக்காரன் ஒருவன் சொன்னதை எடுக்கும். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாவது, நான் எங்கே நிற்கிறேன்? நேர்கோட்டு அட்சரகணிதத்தை, அதாவது 'லீனியர் அல்ஜிப்ரா'வை, நிறுவல்களோடு படித்தேனா அல்லது கணக்குச் செய்வதற்கு மட்டும் படித்தேனா? எல்லை, தொடர்ச்சி எல்லாவற்றையும் நிறுவிக் காட்டுகிற 'றியல் அனலிசிஸ்' பாடம் எடுத்தேனா? லெபேக் தொகையீடு தெரியுமா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். பல புத்தகங்கள் லெபேக் தொகையீடு தெரியும் என்று எடுத்துக்கொண்டே தொடங்கும்.

இரண்டாவது, நான் எங்கே போக வேண்டும்? குவாண்டம் பொறிமுறைக்கா, பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளுக்கா, அல்லது கணிதத்துக்காகவே கணிதமா?

மூன்றாவது, எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா? விரிவுரையும் பயிற்சி வகுப்பும் உள்ள பிள்ளைக்கு விடை இல்லாத புத்தகம் பரவாயில்லை. தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு விடை இருக்க வேண்டும்.

இந்த மூன்று பதிலையும் கையில் வைத்துக்கொண்டு புத்தகங்களைப் பார்ப்போம்.

லெபேக் தொகையீடு தெரியாது, தனியாகப் படிக்க வேண்டும் என்றால், ஏர்வின் கிறைசிக் எழுதிய அறிமுக நூல் ஒன்று இருக்கிறது. 1978 இல் வந்தது. இவர் ஜேர்மனியில் பிறந்து, பிற்காலத்தில் கனடாவில் ஒட்டாவாவின் கார்ல்ரன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். தூரம் என்றால் என்ன என்ற கேள்வியிலிருந்து மெதுவாக ஏறுவார். ஏழாம் அத்தியாயத்தில் திருசியம் வரும். கடைசி அத்தியாயத்தில் குவாண்டம் பொறிமுறை வரும். ஒற்றை இலக்கப் பயிற்சிகளுக்குப் பின்பக்கத்தில் விடை உண்டு. குறை என்னவென்றால், தொகையீட்டுக் கோட்பாட்டைத் தவிர்ப்பதால் சில இடங்களில் சுற்றிப் போவார். அந்தக் கோட்பாடு தெரிந்த பிள்ளைக்கு இவருடைய நடை மந்தமாகத் தெரியும்.

லெபேக் தொகையீடு தெரிந்த பிள்ளைக்கு ஜோன் கொன்வேயின் நூல் பொருந்தலாம். 1985 இல் வந்தது, 1990 இல் இரண்டாம் பதிப்பு. இவர் ஹில்பேட் வெளியிலேயே தொடங்குகிறார். எங்கள் சாதாரண வெளியைப் போலவே அங்கே செங்கோணமும் நீளமும் இருப்பதால் படம் கீறி விளங்கிக்கொள்ளலாம். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு திருசியத் தேற்றம் வந்துவிடும்.

பௌதிகத்துக்குப் போகிற பிள்ளைக்கு மைக்கல் றீட், பறி சைமன் இருவரும் எழுதிய நான்கு பாகங்கள் உண்டு. 1972க்கும் 1979க்கும் இடையில் வந்தவை. முதற் பாகம் போதும். அதில் ஏழாம் அத்தியாயம் திருசியத் தேற்றம். எட்டாவது, குவாண்டம் பொறிமுறைக்குக் கட்டாயம் வேண்டிய 'எல்லைப்படாத' ஒப்பரேற்றர்கள் பற்றியது. எதற்காக ஒரு தேற்றம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தேற்றத்துக்குள் போவார்கள்.

வகையீட்டுச் சமன்பாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஹயிம் பிறேசிஸ். பிரெஞ்சில் 1983 இல் வந்தது. விரித்து எழுதிய ஆங்கிலப் பதிப்பு 2011 இல் வந்தது. அதில் பயிற்சிகள் ஏராளம், சிலவற்றுக்கு விடையும் உண்டு. பீற்றர் லக்ஸ் 2002 இல் எழுதிய நூலும் பிரயோகங்கள் நிறைந்தது. முழுவதையும் வரிசையாகப் படிக்காவிட்டாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்லது.

இனி என் பழைய றூடின். முதல் அத்தியாயமே 'இடத்தியல் காவி வெளிகள்' என்ற மிகப் பொதுவான இடத்தில் தொடங்குகிறது. ஹில்பேட் வெளியின் ஒப்பரேற்றர்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் வருகின்றன. அதற்கு முன்னுள்ள பாதையும் அழகானதுதான். ஆனால் தொகையீட்டுக் கோட்பாடும் சிக்கலெண் பகுப்பாய்வும் தெரிந்தவர் நடக்க வேண்டிய பாதை அது. முதற் புத்தகமாக அது பொருந்துகிற பிள்ளை மிகக் குறைவு. இரண்டாம் புத்தகமாக எடுத்தால் அது பொக்கிசம்.

றூடினைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் 1921 இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 இல் ஒஸ்ரியாவை ஹிட்லர் எடுத்தபோது குடும்பம் பிரான்சுக்கு ஓடியது. 1940 இல் பிரான்ஸ் விழுந்தபோது அவர் இங்கிலாந்துக்கு ஓடினார். யுத்தம் முடியும்வரை பிரித்தானியக் கடற்படையில் இருந்தார். 1945 இல் அமெரிக்கா போய், 1949 இல் டியூக் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். லக்ஸ் ஹங்கேரியில் புடாபெஸ்ரில் பிறந்தவர். அவரும் யூதர்தான். 1941 இல் பதினைந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். இந்தத் துறையில் 1932 இல் வந்த முதற் பெரிய நூலை எழுதிய ஸ்ரெபான் பனாக், அப்போது போலந்தில் இருந்த லுவோவ் நகரத்தவர். இன்று அது உக்ரைனில் லிவிவ். நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் உயிர் பிழைத்தது, தைபஸ் தடுப்பூசி செய்யும் நிறுவனம் ஒன்றில் பேன்களுக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்து. யுத்தம் முடிந்த 1945 இலேயே நோயால் இறந்தார். யுத்தமும் அலைச்சலும் எங்களுக்குப் புதிதில்லை. இந்தப் புத்தகங்களைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு, இவற்றை எழுதியவர்கள் சிலரும் அந்த வழியால் வந்தவர்கள்தான் என்று சொல்லுங்கள்.

காசு பற்றியும் பேச வேண்டும். கிறைசிக்கின் நூலுக்கு வேறு பதிப்பே கிடையாது, 1978 இன் உள்ளடக்கம்தான் இன்றும் விற்கிறது. றூடினின் கடைசிப் பதிப்பு 1991. ஆகவே பழைய புத்தகம் வாங்கினால் ஒன்றும் குறையாது. அதற்கு முதல் நூலகத்தில் எடுத்துப் பார்க்கலாம். நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள், கேட்க வெட்கப்படத் தேவையில்லை. சட்டப்படி இலவசமாகவே கிடைப்பவையும் உண்டு. ஷெல்டன் அக்ஸ்லர் 2020 இல் வெளியிட்ட நூல் லெபேக் தொகையீட்டிலிருந்து தொடங்கி ஹில்பேட் வெளியின் திருசியத் தேற்றம் வரை கொண்டுபோகும். அதை அவருடைய தளத்திலிருந்து இறக்கலாம். ஜெறால்ட் ரெஷ்ல் குவாண்டம் பொறிமுறைக்கான கணிதம் பற்றி எழுதிய நூலையும் அவர் தன் தளத்தில் வைத்திருக்கிறார். எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 2021 இல் நடந்த அறிமுக விரிவுரைகளின் வீடியோக்களும் குறிப்புகளும் அவர்களுடைய 'ஓப்பின் கோர்ஸ்வெயார்' தளத்தில் இருக்கின்றன.

இவ்வளவு பெயரும் சொன்ன பிறகு, தெரிவு செய்வது எப்படி? நான் இப்போது சொல்லும் முறை இது. நூலகத்தில் ஒரு பின்னேரம் போதும்.

மூன்று புத்தகங்களை எடுங்கள். பின்பக்க அகராதியில், முன்னே சொன்ன வலப்பெயர்ப்பை, ஆங்கிலத்தில் 'ஷிஃப்ற்' என்பதைத் தேடுங்கள். மூன்றிலும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஒரே விசயத்தை மூன்றுபேர் சொல்லும்போது, யாருடைய பேச்சு விளங்குகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒன்றிரண்டு என்றால் சரி. வரிக்கு வரி தெரியாத சொல் என்றால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வைத்துவிடுங்கள்.

பிறகு முதல் அத்தியாயத்தின் பயிற்சிகளில் ஐந்தைச் செய்து பாருங்கள். ஐந்தும் பத்து நிமிடத்தில் முடிந்தால் அது உங்களுக்குப் பதிவான புத்தகம். ஒன்றுமே அசையவில்லை என்றால் உயரமான புத்தகம். இரண்டு வந்து, மூன்றாவதுக்கு வியர்த்தால், அதுதான் உங்கள் புத்தகம்.

ஒன்றைப் பிரதானமாக வையுங்கள். இன்னொன்றைத் துணைக்கு வையுங்கள். ஐந்து புத்தகம் வேண்டாம். ஐந்திலும் முதல் அத்தியாயம் மட்டும் படித்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மூன்று கிழமைக்குள் பிடிக்கவில்லை என்றால் ஒருதரம் மாற்றலாம். அதற்குப் பிறகு மாற்றாமல் இருந்து படிக்க வேண்டும்.

அம்மா அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனை பக்கம் முடிஞ்சுது?" என்று கேட்காதீர்கள். இந்தப் பாடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் விளங்கிப் படித்தால் அது நல்ல வேகம். "இண்டைக்கு எந்த இடத்தில நிக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. கிழமைக் கணக்காக அதே இடத்தைச் சொன்னால், பேசாமல் இருக்காதீர்கள். பேராசிரியரின் அலுவலக நேரத்துக்குப் போகச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே போவதில்லை. கேட்டால் மொக்கு என்று நினைப்பார்கள் என்ற பயம். அந்த நேரம் அதற்காகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இனி என் கதையின் மிச்சம். அந்த மருமகனின் மகள், எனக்குப் பேத்தி முறை, இப்போது அதே மூன்றாம் வருடத்தில் கணிதமும் பௌதிகமும் படிக்கிறாள். போன வருடம் இந்தப் பாடம் எடுப்பதற்கு முதல், "தாத்தா, எந்தப் புத்தகம் நல்லது?" என்று கேட்டாள். பழைய பிழை எனக்கு ஞாபகம். பயத்தில் உடனே கிறைசிக் என்றேன். அவள் நூலகத்துக்குப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாள். "தாத்தா, நான் லெபேக் தொகையீடு போன தவணையே படிச்சிட்டன். இதில முதல் பாதி எனக்குத் தெரியும்" என்றாள். றீட்-சைமன் முதற் பாகத்தைப் பிரதானமாக எடுத்தாள். விடை இருப்பதால் கிறைசிக்கைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டாள்.

ஆக, நான் இரண்டு தரமும் பிழைதான். ஒருதரம் உயரமானதைச் சொன்னேன், அடுத்ததரம் பதிவானதைச் சொன்னேன். இரண்டு தரமும் கேட்காமல் சொன்னேன். அதனால்தான் இன்று இதுதான் புத்தகம் என்று ஒன்றைச் சொல்லாமல், கேள்விகளையும் சோதிக்கும் முறையையும் சொன்னேன். படிக்கிற பிள்ளைதான் தெரிவு செய்ய வேண்டும்.

தவணை முடிந்த பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி நிலக்கீழ் அறையில் எதையோ தேடப்போய், அந்தப் பழைய றூடினைக் கொண்டுவந்தாள். 1996 இன் பஸ் ரிக்கற் அதே இடத்தில் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தகப்பனிடம் கேட்டாள்: "அப்பா, இதுக்கு முதல் ரண்டு கோர்ஸ் எடுத்திருக்க வேணுமே. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். "மாமாவுக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்" என்றான்.

அவனுடைய பெருந்தன்மை அது. ஆனால் எனக்குத் தெரியும், எங்கள் விரிவுரையாளர் சொல்லித்தான் தந்தார். அவர் அந்த ஒரே புத்தகத்தைத் திறப்பதற்கு முதல் ஒரு முழு வருடம் எங்களைத் தொகையீட்டுக் கோட்பாட்டில் நடத்தி ஏற்றினார். புத்தகத்தை ஞாபகம் வைத்திருந்த நான், அந்த ஏற்றிவிட்ட வருடத்தை மறந்துபோனேன். அன்று அதையும் அவனுக்குச் சொன்னேன்.

இப்போது அந்தப் புத்தகம் பேத்தியின் மேசையில் இருக்கிறது. வருகிற வருடத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். பஸ் ரிக்கற்றை மட்டும் மருமகன் எடுத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் மேசையில் அப்படி ஒரு புத்தகம் அசையாமல் கிடந்தால், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையோடு கொஞ்சம் கதையுங்கள்.